சர்வதேச பாடசாலைகளும் கொழும்புத் தமிழ்ப் பெற்றோரும்

கொழும்பில் வாழ்கின்ற நடுத்தர வர்க்கத் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைக்கு மூன்று வயது பூர்த்தியாவதற்கு முன்னரே ஒரு விவாதம் ஆரம்பித்துவிடுகிறது. எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்பதே அது. திருமண வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும், ஏன் மரண வீடுகளிலும் கூட அந்தப் பேச்சைக் கேட்கலாம். காலி வீதியில் கொள்ளுப்பிட்டியில் இருந்து கல்கிசை வரை பயணம் செய்பவர் சர்வதேச பாடசாலைகளின் விளம்பரப் பலகைகளைக் காணாமல் போக முடியாது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் ஒரு காலத்தில் குடும்பங்கள் வசித்த வீடுகள் பல இன்று வகுப்பறைகளாக மாறியிருக்கின்றன. முற்றத்துக்கு சீமெந்து பூசி அதற்கு விளையாட்டு மைதானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிவுகள் இருக்கின்றபோது தெரிவு செய்வது இலகுவாகியிருக்க வேண்டும். ஆனால், அவ்வாறு நடைபெறவில்லை. கட்டணம், கட்டிடம், குளிரூட்டி, சீருடையின் நேர்த்தி, அதிபர் பேசுகின்ற ஆங்கிலம் ஆகியவற்றை எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கின்ற பெற்றோர், பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு பிள்ளை எந்தப் பரீட்சையை எழுதிவிட்டு அந்தப் பாடசாலையில் இருந்து வெளியே வரப்போகிறது என்பதைப் பற்றிச் சிந்திப்பது அரிது. இக்கட்டுரையாளரின் அபிப்பிராயத்தில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகே.

இந்தப் பாடசாலைகள் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்துகொண்டால் பல விடயங்கள் தெளிவாகும். 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டத்துக்கு முன்னர் இலங்கையில் இரு வகையான கல்வி இருந்தது. கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகள் ஒரு புறம். கட்டணம் இல்லாத சுயமொழிப் பாடசாலைகள் மறுபுறம். அரசாங்க உத்தியோகமும் சட்டமும் மருத்துவமும் முதலாவது வகையினருக்கே கிட்டின. அம்பலாங்கொடைக்கு அருகே ரந்தொம்பை என்ற கிராமத்தில் பிறந்து, புலமைப்பரிசில் கிடைத்த காரணத்தினால் மாத்திரம் காலி றிச்மண்ட் கல்லூரிக்குள் நுழைய முடிந்தவரான சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, கல்வி அமைச்சராக வந்தபோது அந்தப் பிளவை இல்லாமல் செய்வதற்கே போராடினார். அதற்குப் பின்னர், 1960 இறுதியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்பதற்குச் சட்டம் கொண்டுவந்தது. கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். பெரும்பாலும் கத்தோலிக்க, கிறிஸ்தவ நிர்வாகங்களின் கீழ் இருந்த சில பாடசாலைகள் அரசின் கைக்குச் செல்லாமல் தனித்து நிற்கத் தீர்மானித்தன. அவையே இன்று நாம் தனியார் பாடசாலைகள் என்று அழைப்பவை. கல்கிசை சென்.தோமஸ் கல்லூரியும் மருதானை சென்.ஜோசப் கல்லூரியும் அவற்றில் அடங்குபவை. அவை தேசிய பாடத்திட்டத்தையே கற்பிக்கின்றன.

1961 ஆம் ஆண்டில் வந்த அடுத்த சட்டம், 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்காகப் புதிதாகத் தனியார் பாடசாலை ஆரம்பிப்பதைத் தடை செய்தது. அப்படியானால் இன்று வீதிக்கு வீதி தென்படுகின்ற சர்வதேச பாடசாலைகள் எங்கிருந்து வந்தன என்று வாசகர்கள் கேட்கலாம். அவை கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட வர்த்தக நிறுவனங்கள். வெளிநாட்டவர்களின் பிள்ளைகளுக்காக 1957 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட கொழும்பு வெளிநாட்டுப் பாடசாலையைத் தவிர்த்துப் பார்த்தால், ஏனையவை திறந்த பொருளாதாரக் கொள்கை வந்த பிறகு முளைத்தவை. கொழும்பு சர்வதேச பாடசாலை 1982 இல் ஆரம்பமானது. தொண்ணூறுகளில் லைசியம், கேட்வே போன்றவை தோன்றிப் பெருகின. சட்டத்தின் கண்ணில் 'பாடசாலை' என்று இல்லாத ஒன்றைக் கல்வி அமைச்சின் அதிகாரிகள் எவ்வாறு மேற்பார்வை செய்வது? ஆசிரியரின் தகைமை, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம் ஆகிய விடயங்களில் அரசாங்கப் பாடசாலைக்கு உள்ள கட்டுப்பாடுகள் இங்கு இல்லை. இவற்றை ஒழுங்குபடுத்தப்போவதாக அரசாங்கங்கள் மாறிமாறிப் பேசிவந்திருக்கின்றன. அமைச்சர்களின் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கள் ஏன் பேச்சுக்களாகவே நின்றுவிடுகின்றன என்பது விளங்கும்.

தமிழ்ப் பெற்றோர் இவற்றை நாடிச்செல்வதற்கு ஆங்கில மோகம் மாத்திரமே காரணம் என்று கூறுவது நியாயமில்லை. கொழும்பின் பிரபலமான அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பதற்கான சுற்றுநிருபத்தின் விபரங்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டாலும், அடிப்படை ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது. பெரும்பங்கு இடங்கள் வசிப்பிடத்தின் அடிப்படையிலும், அடுத்த பெரிய பங்கு பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும், அதற்கடுத்தது ஏற்கெனவே அங்கு கற்கின்றவர்களின் சகோதரர்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வசிப்பிடத்தை நிரூபிப்பதற்கு உறுதிப்பத்திரம் வேண்டும். தொடர்ச்சியாகப் பல வருடங்கள் வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டும். 1983 ஜூலைக்குப் பிறகு தலைநகரை விட்டு ஓடிப்போனவர்களும், 1990 இலும் 1995 இலும் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் இவற்றுக்கு எங்கே போவார்கள்? வெள்ளவத்தையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டு பொலிஸ் பதிவுத் துண்டுடன் வாழ்ந்தவரிடம் வாக்காளர் இடாப்பு கேட்கப்பட்டது. தந்தை யாழ்ப்பாணத்தில் படித்தவராக இருந்தால் பழைய மாணவர் என்ற தகுதியும் கொழும்பில் செல்லுபடியாகாது. கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் வாடகைக் கடைக்கு மேலே குடியிருந்த மலையக வம்சாவளிக் குடும்பங்களின் நிலையும் இதுவே. பணம் செலுத்தினால் கேள்வி கேட்காமல் இடம் கொடுத்த சர்வதேச பாடசாலை அவர்களில் சிலருக்கு உண்மையில் ஒரு புகலிடமாகவே இருந்தது.

அந்த நிலைமை முற்றாக மறைந்துவிடவில்லை என்றாலும் போர் முடிவுக்கு வந்து பதினைந்து வருடங்களுக்கும் கூடுதலான காலம் கடந்துவிட்டது. இன்று சர்வதேச பாடசாலைகளுக்குச் செல்பவர்களில் பலர் வேறு இடம் கிடைக்காதவர்கள் அல்ல. வேறு இடத்தைத் தேடிப் பார்க்காதவர்கள்.

இப்போது பரீட்சையைப் பற்றிய கேள்விக்கு வருவோம். சர்வதேச பாடசாலைகளில் பெரும்பாலானவை கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்ஸெல் பரீட்சைகளுக்கு மாணவர்களைத் தயார் செய்கின்றன. பேச்சு வழக்கில் இவற்றை இலண்டன் சாதாரண தரம், இலண்டன் உயர்தரம் என்கிறோம். தரத்தில் குறைந்த பரீட்சைகள் அல்ல. ஆனால், அவற்றில் எத்தனை 'ஏ' சித்திகளைப் பெற்றாலும் அவற்றைக் கொண்டு இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்கு வழமையான அனுமதியைக் கோர முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகின்ற க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிகளையே கணக்கில் எடுக்கிறது. அதாவது கட்டணம் இல்லாத மருத்துவ, பொறியியல், சட்ட பீடங்களின் கதவு, ஐந்து வயதில் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தினால் அந்தப் பிள்ளைக்கு அநேகமாக மூடப்பட்டுவிடுகிறது. மறுபுறத்தில், எமது உள்ளூர் உயர்தரத்தைப் பிரித்தானிய, அவுஸ்திரேலிய, கனேடிய பல்கலைக்கழகங்கள் பல ஏற்றுக்கொள்கின்றன. ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றை மேலதிகமாக எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உள்ளூர் உயர்தரம் இரு பக்கமும் திறக்கின்ற கதவு. இலண்டன் உயர்தரம் வெளியே மாத்திரம் திறக்கின்ற கதவு. இந்த வித்தியாசத்தை, சேர்க்கைக்கு முன்னரான நேர்முகத்தில் பெற்றோருக்கு விளக்கிக் கூறுகின்ற பாடசாலைகள் எத்தனை இருக்கின்றன?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அரச பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகின்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பகிரப்படும்போது, கொழும்பு மாவட்டப் பிள்ளை மிக உயர்ந்த வெட்டுப்புள்ளிகளுக்கு முகங்கொடுக்க வேண்டியிருக்கிறது. இடம் கிடைத்தவர்களும் காத்திருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில்தான் நடைபெற்றது. உள்ளூர்ப் பிள்ளை பல்கலைக்கழக வாசலில் நின்று வயதைத் தொலைத்துக்கொண்டிருக்கும்போது, இலண்டன் உயர்தரம் எழுதிய பிள்ளை வெளிநாட்டில் பட்டப்படிப்பின் பாதியைக் கடந்துவிடுகிறது என்று ஒரு பெற்றோர் கூறினால் அதை மறுக்க முடியாது. வெளிநாட்டில் பட்டப்படிப்பு முடியும் வரை செலவு செய்வதற்கு வசதி உள்ளவர்களுக்கு அது முற்றிலும் நியாயமான தெரிவு. பிரச்சினை அந்த வசதி இல்லாதவர்களுடையது. பன்னிரண்டாம் தரம் வரை கட்டணத்தைச் செலுத்தி முடித்துக் களைத்துப்போன குடும்பம், பிள்ளையை வெளியேயும் அனுப்ப முடியாமல் உள்ளேயும் சேர்க்க முடியாமல், கட்டணம் அறவிடுகின்ற உள்ளூர்த் தனியார் பட்டப்படிப்பு நிறுவனம் ஒன்றின் வாசலுக்கு வந்து சேருகிறது. அங்கே அதே கற்கைநெறியில், அரசாங்கப் பாடசாலையில் ஒரு சதமும் கட்டாமல் படித்துவிட்டு வந்த பிள்ளை பக்கத்துக் கதிரையில் இருக்கும்!

சில சர்வதேச பாடசாலைகள் உள்ளூர் பாடத்திட்டத்தையும் ஆங்கில மொழிமூலம் கற்பிக்கின்றன. அவற்றில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் எந்தத் தரத்தில் இரு பாதைகளும் பிரிகின்றன என்பதையும், உள்ளூர் உயர்தரத்துக்குப் போதிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சிறிய பாடசாலைகளில் உயர்தர வகுப்பு என்பது பெயர்ப்பலகையில் மாத்திரம் இருக்கும். பிள்ளைகள் பாடங்களைக் கற்பது மாலையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் உள்ள ரியூசன் வகுப்புகளில்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோர் முதலாம் தரத்தின் தவணைக் கட்டணத்தைத் தங்கள் சம்பளத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சமாளிக்கலாம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். கணக்குப் பார்க்க வேண்டியது பதின்மூன்று வருடங்களுக்கு. அதுவும் ஒவ்வொரு படியிலும் உயர்ந்துசெல்கின்ற கட்டணத்துக்கு. இரண்டாவது பிள்ளையையும் சேர்த்து. நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. பரீட்சைக் கட்டணங்கள் ஸ்ரேலிங் பவுணைப் பொறுத்தவை. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபாவை ஒட்டியிருந்தது. மே மாதம் அது 360 ரூபா அளவில் போய் நின்றது. இங்கே சம்பளம் ஒரு ரூபா கூட உயரவில்லை. அந்த வருடத்தில் பிள்ளைகளை நடுவழியில் விலக்கி அரசாங்கப் பாடசாலைகளுக்கு அலைந்தவர்களை நாம் அறிவோம். ஆங்கிலத்தில் மாத்திரம் படித்த எட்டாம் தரப் பிள்ளையைத் தமிழ் மொழிமூல வகுப்பில் கொண்டுபோய் இருத்தினால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

இந்த இடத்தில் வெளிநாடுகளில் வாழ்கின்ற எமது உறவுகளுக்கும் ஒரு விடயத்தைக் கூற வேண்டும். கொழும்பில் சர்வதேச பாடசாலைக் கட்டணம் செலுத்தப்படுகின்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பணம் ரொறன்ரோவில் உள்ள மாமாவிடமிருந்தோ, இலண்டனில் உள்ள சித்தப்பாவிடமிருந்தோ வருகிறது. கொடுப்பது அன்பினால்தான். ஆனால், "அங்கே நல்ல இங்கிலிஷ் ஸ்கூலில் போடு, காசை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தொலைபேசியில் கூறுகின்றவர், தன்னுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகின்ற காலம் வந்ததும் தடுமாறுகிறார். வட்டி வீதம் உயர்ந்து வீட்டுக் கடன் தவணை கூடுகிறது. வேலை போகிறது. பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் பேச்சு நின்றுபோகிறது. உதவ விரும்புகின்றவர்கள் முதல் மூன்று வருடங்களுக்கான கட்டணத்தைக் கொடுப்பதை விடக் கடைசி மூன்று வருடங்களுக்கான கட்டணத்தை ஒரு வைப்பில் இட்டு வைப்பது உசிதமானது.

மொழி விவகாரத்தை இங்கு விரிவாகப் பேசுவதற்கு எனக்குச் சற்றுத் தயக்கம் இருக்கிறது. ஏனென்றால், தமிழை வாழவைக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகின்றவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதை நாற்பது வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏழைகளின் பிள்ளைகள் மாத்திரம் தமிழைக் காப்பாற்றட்டும் என்று கோருவதற்கு எவருக்கும் அருகதை கிடையாது. இருந்தாலும் ஒரு நடைமுறை உண்மையைக் கூறாமல் விட முடியவில்லை. சர்வதேச பாடசாலைகளில் தமிழ், வாரத்தில் சில பாடவேளைகளுக்குரிய ஒரு பாடம். வீட்டில் பேச்சுத் தமிழ் இருக்கும். ஆனால், பதினாறு வயதில் ஒரு பத்திரிகைச் செய்தியை முழுமையாக வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதவர்களாக அங்கிருந்து வெளியே வருகின்ற தமிழ்ப் பிள்ளைகள் அநேகர். சிங்களத்திலும் அதே நிலை. இந்த நாட்டில் ஒரு சட்டத்தரணியாகவோ, மருத்துவராகவோ, வங்கி முகாமையாளராகவோ பணியாற்ற வேண்டுமானால், எதிரில் வந்து அமருகின்றவர் ஆங்கிலத்தில் பேசப்போவதில்லை.

ஆனால், மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். சுயமொழிக் கல்வி எமக்கு எவ்வளவு நன்மை செய்ததோ, அதே அளவுக்கு எமது பிள்ளைகளை வெவ்வேறு வகுப்பறைகளில் பிரித்தும் வைத்தது. ஒரே பாடசாலையில் ஒரே சீருடையை அணிகின்ற சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் கிரிக்கெட் மைதானத்தில் மாத்திரம் சந்தித்துக்கொண்ட தலைமுறைகள் உண்டு. சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படிப்பதை இன்று கொழும்பில் இலகுவாகக் காணக்கூடிய இடங்களில் ஒன்று சர்வதேச பாடசாலை வகுப்பறை. பணம் உள்ளவர்களுக்கு மாத்திரம் கிடைக்கின்ற இன ஐக்கியம் அது என்பது உண்மைதான். அதற்காக அதன் பெறுமதியை மறுக்கவும் முடியவில்லை. 2001 ஆம் ஆண்டில் அரசாங்கப் பாடசாலைகளில் மீண்டும் ஆங்கில மொழிமூலம் அறிமுகம் செய்யப்பட்டபோது, இந்தப் பிரிவினையையும் அது குறைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆசிரியர் பற்றாக்குறை அதைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது.

இவற்றை எல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, பெற்றோர் பலர் கவனிக்காமல் கடந்துபோகின்ற நடுவழி ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. தமிழ் மொழிமூலப் பிரிவைக் கொண்ட பழைய தனியார் பாடசாலைகளும், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்ற கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளும் அந்த நடுவழியில் அடங்கும். ஆரம்ப வகுப்புகளில் தமிழில் எழுத்தறிவைப் பெற்று, ஆறாம் தரத்தில் இருந்து கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்தில் கற்கின்ற இருமொழி வகுப்பு இயங்குகின்ற பாடசாலையாக இருந்தால் மிகவும் நல்லது. செலவு ஒப்பீட்டளவில் குறைவு. உள்ளூர் உயர்தரத்தின் இரு பக்கக் கதவும் திறந்திருக்கிறது. பழைய தனியார் பாடசாலைகளில் இடம் கிடைப்பது கடினம் என்பதையும், சில இடங்களில் 'நன்கொடை' என்ற பெயரில் கேட்கப்படுவது என்ன என்பதையும் நான் அறியாதவன் அல்ல. ஆனாலும் விண்ணப்பித்துப் பார்க்காமலேயே சர்வதேச பாடசாலைக்கு முற்பணம் கட்டுகின்றவர்களே அதிகம்.

சர்வதேச பாடசாலையே வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கு, பத்திரிகைக்காரன் என்ற முறையில் ஒரு தகவல். பத்திரிகைகளில் 'கல்விச் சிறப்பு மலர்' என்று வருகின்ற பக்கங்களில் பெரும்பாலானவை விளம்பரத்துக்காக ஒதுக்கப்பட்டவை. அவற்றில் உள்ள கட்டுரைகளைச் சம்பந்தப்பட்ட பாடசாலையே எழுதி அனுப்பும். ஆசிரியர் பீடத்தில் எழுத்துப்பிழை திருத்துவதோடு சரி. பரீட்சைப் பெறுபேறுகள் வந்தவுடன் புகைப்படங்களுடன் பிரசுரமாகின்ற முழுப்பக்க விளம்பரங்களில், எத்தனை பேர் 'ஏ' சித்தி பெற்றார்கள் என்பது இருக்கும். எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்பது இருக்காது. நேர்முகத்தின்போது அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். முதலாம் தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதின்மூன்றாம் தரம் வரை வந்தார்கள் என்று கேளுங்கள். பலவீனமான பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னர் பாடசாலையின் பெயரில் தோற்ற விடாமல், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுமாறு அனுப்பிவிடுகின்ற வழக்கமும் இருக்கிறது.

ஆசிரியர்கள் எவ்வளவு காலம் அங்கே தங்குகிறார்கள் என்பது கட்டிடத்தை விட முக்கியமானது. சம்பளம் குறைவாகவும் வேலை நிரந்தரம் இல்லாமலும் இருக்கின்ற பாடசாலையில் ஒரே வருடத்தில் இரண்டு, மூன்று வகுப்பாசிரியர்கள் மாறுவார்கள். அதை அதிபரின் குளிரூட்டப்பட்ட அறையில் இருந்து அறிய முடியாது. பாடசாலை விடுகின்ற நேரத்தில் வாசலில் முச்சக்கரவண்டிகளுக்கு அருகே காத்துக்கொண்டு நிற்கின்ற தாய்மாரிடம் கேட்டால் ஐந்து நிமிடங்களில் தெரிந்துவிடும். ஒரு நாள் போதாது. இரண்டு, மூன்று நாட்கள் போய் நின்று விசாரியுங்கள். ஐந்தாம், ஆறாம் தரப் பிள்ளைகளின் தாய்மாராகப் பார்த்துக் கேளுங்கள். முதலாம் தரத்துத் தாய்மார் இன்னமும் தங்களது தெரிவை நியாயப்படுத்துகின்ற கட்டத்திலேயே இருப்பார்கள்.